குறை எப்போது சாதகமாகும்? செட்டிநாட்டை வைத்து ஓர் எளிய விளக்கம்

"உன் குறையையே பலமாக மாற்றிக்கொள்" என்று சொல்லாத தன்னம்பிக்கைப் பேச்சாளர் யாருமில்லை. கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், சரி, எப்படி என்ற கேள்வி மட்டும் மிச்சமிருக்கும். பணம் இல்லை, இடம் இல்லை, நேரம் இல்லை, ஆள் இல்லை. இல்லாத ஒன்று எப்படி நமக்கு உதவும்?

அந்த 'எப்படி'யை மட்டும் இங்கே பார்ப்போம். உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் செட்டிநாட்டு ஊர்களே போதும். வற்றாத ஆறு எதுவும் இந்தப் பக்கம் ஓடவில்லை. மழையை நம்பிய கண்மாயும் ஊரணியும்தான். இங்கிருந்து கிளம்பிய நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்தான் இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று போய்க் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடுகளைக் கட்டினார்கள்.

"பார்த்தீர்களா, வறட்சிதான் அவர்களைப் பணக்காரர் ஆக்கியது" என்று இதைக் கதையாக முடிக்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே வெயிலில், அதே மண்ணில், வறட்சியோடே காலம் தள்ளிய ஊர்கள் பக்கத்திலேயே எத்தனையோ இருந்தன. குறை தானாக யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் இரண்டைப் பிரித்துக்கொள்வோம். ஒன்று, ஒப்பேற்றுவது. சிலிண்டர் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டு மின் அடுப்பை வாங்கிச் சமைக்கிறோம். சிலிண்டர் வந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். இதில் குறை ஒன்றும் சாதகமாகவில்லை. அன்றைய பொழுது கழிந்தது, அவ்வளவுதான். இன்னொன்று வேறு ரகம். குறையால் ஒரு வழியைக் கண்டுபிடிக்கிறோம். அப்புறம் குறை தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் அந்த வழியை விட மனம் வரவில்லை, ஏனென்றால் அது பழையதைவிட நன்றாக இருக்கிறது. இதைத்தான் சாதகமாக்கிக்கொள்வது என்று சொல்லலாம்.

ஆகவே சோதனை எளிது: தட்டுப்பாடு போன பிறகும் அந்த வழி நிற்கிறதா?

உப்புக்கண்டத்தைப் பாருங்கள். கறியை உப்பும் மஞ்சளும் சேர்த்து வெயிலில் காயவைப்பது, அதைக் கெடாமல் வைத்திருக்க வேறு வழி இல்லாத காலத்து ஏற்பாடு. காய்கறிக்கும் அதே கதைதான்: மாவத்தல், கொத்தவரை வத்தல், சுண்டைக்காய் வத்தல், மணத்தக்காளி வத்தல். விளையும் நாளில் காயவைத்து, இல்லாத நாளில் எடுத்துக் குழம்பில் போடுவது. இன்று வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் இருக்கிறது, காய் வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. வத்தல் போய்விட்டதா? இல்லை. காய்ந்ததில் நீர் போய்ச் சுவை செறிந்துவிட்டது. பச்சைக் காயில் அந்த ருசி வராது. பஞ்சத்துக்குச் செய்தது இன்று பணம் கொடுத்து வாங்கும் பண்டமாகிவிட்டது. சோதனையில் தேறிவிட்டது.

இதைவிடத் தெளிவான உதாரணம் ஆத்தங்குடிப் பூக்கல். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட தரை ஓடு. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய வேலை அது.

செட்டிநாட்டு வீடுகளுக்கு இத்தாலியிலிருந்து பளிங்கும், பர்மாவிலிருந்து தேக்கும், ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வண்ண ஓடுகளும் கப்பலில் வந்த காலம் உண்டு. எல்லோராலும் எல்லாக் கட்டுக்கும் அப்படி வாங்கிப் போட முடியாது. அந்த மாதிரிப் பீங்கான் ஓட்டை இங்கேயே செய்யலாம் என்றால், அதற்கேற்ற களிமண் வேண்டும், கடுஞ்சூட்டுக்குப் போகும் சூளை வேண்டும், அழுத்துகிற இயந்திரம் வேண்டும். ஆத்தங்குடிக்காரர்களிடம் இருந்தது மணல், சிமெண்ட், வண்ணப் பொடி, வெயில், கை. அப்புறம் ஒரு கண்ணாடித் துண்டு.

பட்டறையில் ஓட்டு அளவுக்கு வெட்டிய கண்ணாடியைக் கீழே வைத்து, அதைச் சுற்றி இரும்புச் சட்டத்தைப் பொருத்துகிறார்கள். சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு ஒன்று இறங்குகிறது. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறம்: சிமெண்டோடு வண்ணப் பொடியைக் கரைத்து, தோசை மாவு பதத்தில் கரண்டியால் ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை மெல்லத் தூக்கிவிடுகிறார்கள். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றுவிடுகின்றன. கை நடுங்கினால் பூ கோணிவிடும். மேலே உலர்ந்த சிமெண்ட் கலவையைத் தூவினால் அது ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அதன்மேல் மணல் சிமெண்ட் சாந்தை அப்பி, கரணையால் மட்டம் செய்து, சட்டத்தைக் கழற்றி ஓரமாக வைக்கிறார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறுகிறது. மறுபடி வெயிலில் வைத்தால் கண்ணாடி கல்லை விட்டுப் பிரிந்து வருகிறது. திருப்பிப் பார்த்தால் பளபளக்கும் பூக்கல்.

அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது? சூளையும் இல்லை, மெருகேற்றும் இயந்திரமும் இல்லை. கண்ணாடியின் வழவழப்பை ஈரச் சிமெண்ட் அப்படியே வாங்கிக்கொண்டது. நெருப்பு செய்ய வேண்டிய வேலையைக் கண்ணாடி செய்துவிட்டது. தளம் போட்ட பிறகு உமியைப் போட்டுத் தேய்த்துத் துடைப்பார்கள். ஆள் நடக்க நடக்க இன்னும் மெருகேறும்.

இன்று காரைக்குடிக் கடையிலேயே விட்ரிஃபைடு டைல்ஸ் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறது. விலையிலும் வேகத்திலும் பூக்கல்லை அடித்துவிடும். இருந்தும் சென்னையிலும் பெங்களூரிலும் புதுவீடு கட்டுகிறவர்கள் ஆத்தங்குடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஏன் என்பதில்தான் இந்த விஷயத்தின் முடிச்சு இருக்கிறது.

பெரிய ஆலைக்காரர் ஒரே டிசைனை ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். கோடிக்கணக்கில் போட்ட சூளையை, ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்துக்கு மட்டும் வேண்டிய இருநூறு ஓட்டுக்காக நிறுத்தி மாற்ற முடியாது. பட்டறைக்காரருக்கு அது ஒரு வேலையே இல்லை. "எங்க ஐயா வீட்டு வளவுல இருந்த பூ மாதிரி வேணும்" என்று போட்டோவைக் காட்டினால், அதற்கேற்ற அச்சைத் தேடி எடுத்து ஊற்றிக் கொடுத்துவிடுவார். அதாவது, நம்மிடம் இல்லாத வசதி மற்றவரிடம் இருக்கிறதே என்று ஏங்குகிறோம். அந்த வசதியே அவருக்கு ஒரு கட்டாகவும் இருக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. அவர் தன் முதலீட்டுக்குக் கட்டுப்பட்டவர். அவரால் இறங்கி வர முடியாத இடம் ஒன்று இருக்கும். குறை உள்ளவர் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்கிறோம். அதில் பாராட்டெல்லாம் வல்லவனுக்கே போய்விடுகிறது. புல்லால் முடிகிற, வாளால் முடியாத வேலை எது என்று யாரும் கேட்பதில்லை.

பூக்கல்லின் குறைகள் மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புளியோ எலுமிச்சையோ சிந்தினால் உடனே துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கறை. ஒட்டுவதற்குப் பழகிய கொத்தனார் வேண்டும். அவசரக்காரருக்கு இது ஆகாது. ஒரு குறை சாதகமான பிறகும் மற்றவை கூடவே இருக்கும். அதைச் சொல்லியே விற்கிற பட்டறைக்காரர்தான் நல்ல வியாபாரி.

இதே கணக்கைப் பெரிய அளவில் போட்டவர்கள் ஜப்பானின் டொயோட்டாக்காரர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானில் கார் சந்தை சின்னது, கையில் காசும் குறைவு. அமெரிக்க ஆலைகளைப் போல ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி இயந்திரம் வாங்கி வைக்க முடியாது. இருக்கிற அழுத்து இயந்திரத்திலேயே அச்சை மாற்றி மாற்றிப் பல பாகங்களை அடிக்க வேண்டும். அச்சு மாற்ற மணிக்கணக்கில் ஆனது. வேறு வழியில்லாமல் அந்த நேரத்தைக் குறைப்பதிலேயே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து, நிமிடக் கணக்குக்குக் கொண்டுவந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பலவகை செய்யும் திறமை அப்படி வந்தது. பிறகு பணம் குவிந்த பிறகும் அவர்கள் அந்த முறையை விடவில்லை. உலகமே அதைப் படிக்க வந்தது.

சரி, நம் வேலையில் எந்தக் குறையைப் பார்ப்பது? எல்லோருக்கும் பத்துக் குறை இருக்கும். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தப்பான குறையைத்தான் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள் என்பது என் எண்ணம்.

வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கும் ஓர் ஆச்சி. ஒரு அடுப்பு, ஒரு இரும்புச் சட்டி, துணைக்கு ஒரு பெண். வாசலில் வந்து நிற்கிறவர் அவசரத்தில் இருக்கிறார்.

"ஆச்சி, மணகோலம் ஒரு கிலோ வேணும். சாயங்காலம் மதுரைக்குப் போறேன்."

"இன்னைக்குச் சீடை போடுற நாள் தம்பி. மணகோலம் வெள்ளிக்கிழமைதான்."

"கொஞ்சமாச்சும் போட்டுக் குடுங்களேன்."

"உங்களுக்குக் கொஞ்சம், இன்னொருத்தருக்குக் கொஞ்சம்னு மாத்திக்கிட்டே இருந்தா எதுவும் பதமா வராது. வெள்ளிக்கிழமை வாங்க, எடுத்து வைக்கிறேன். சீடை வேணும்னா இப்பவே தர்றேன்."

வந்தவர் சீடையை வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்கு மணகோலமும் சொல்லிவிட்டுப் போகிறார். பார்ப்பவர்களுக்கு ஆச்சி வியாபாரத்தைத் தள்ளிவிடுவது போலத் தோன்றும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு ஈடு பொரிந்து எடுக்கப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஆறு ஈடு. மாவு பிசைய இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தாலும் ஆறு ஈடுதான். பிசைந்த மாவு காத்துக் கிடந்து கெடும். புதுப் பெயர்ப்பலகை வைத்தாலும் ஆறு ஈடுதான். அந்த வீட்டின் மொத்த வியாபாரத்தையும் தீர்மானிப்பது சட்டி ஒன்றே.

இஸ்ரேலைச் சேர்ந்த எலியாஹு கோல்ட்ராட் என்ற இயற்பியலாளர் தொழில் நிர்வாகத்துக்குள் வந்து 1980களில் பரப்பிய கருத்து இதுதான். எந்த வேலை அமைப்பிலும் மிகக் குறுகலான இடம் ஒன்று இருக்கும்; மொத்த விளைச்சலையும் அதுவே முடிவு செய்யும்; வேறு எங்கே சீர்திருத்தினாலும் பயன் இல்லை. முதலில் அந்த இடத்தைக் கண்டுபிடி. அது ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்காதபடி பார்த்துக்கொள். மற்ற எல்லாவற்றையும் அதன் போக்குக்கு ஒத்துப்போக வை. அதற்கப்புறம் காசு போட்டு அதை அகலப்படுத்து. இந்த வரிசை முக்கியம். நம்மில் பலர் கடைசியில் இருப்பதை முதலில் செய்துவிட்டு வட்டி கட்டுகிறோம்.

ஆச்சி கோல்ட்ராட்டைப் படித்ததில்லை. ஆனால் நாளுக்கு ஒரு பலகாரம் என்று வைத்ததும் சட்டிக்கு இடைவேளை இல்லாமல் போயிற்று. முன்கூட்டிச் சொன்னவர்களுக்கே போடுவதால் மிச்சம் கிடையாது, பழசு கிடையாது. 'வெள்ளிக்கிழமை மணகோலம்' என்று அக்கம்பக்கத்தில் பெயரே ஆகிவிட்டது. பெரிய பலகாரக் கடையால் இப்படிச் சொல்ல முடியுமா? அங்கே கண்ணாடி அலமாரி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். நிறைந்திருப்பதில் நேற்றையதும் இருக்கும்.

இரண்டாவது அடுப்பு வாங்க வசதியும் இருந்து, ஆர்டரும் காத்திருந்தால், வாங்கிவிட வேண்டியதுதான். அப்போதும் ஒற்றைச் சட்டிதான் பெருமை என்று உட்கார்ந்திருப்பதற்குச் சோம்பல் என்று பெயர்.

இடமும் தூரமும் கூடக் குறைதான். ரங்கூனில் கடை, முதலாளி வீடு தேவகோட்டையில். நடுவில் வங்காள விரிகுடா. கடையில் என்ன நடக்கிறது என்று நேரில் பார்க்க வழியில்லை. இதற்கு நகரத்தார் கண்ட வழி, மேற்பார்வையைக் கூட்டுவது அல்ல. மேற்பார்வை தேவைப்படாத மாதிரி ஏற்பாட்டை மாற்றியது. ஏஜெண்டாகப் போகிறவருக்குச் சம்பளச்சீட்டு எழுதுவார்கள். தவணை பொதுவாக மூன்று ஆண்டு. சம்பளம், பொறுப்பு எல்லாம் அதிலேயே இருக்கும். போனவருக்குக் கடன் கொடுக்கவும் வசூலிக்கவும் முழு அதிகாரம். கணக்கு ஊருக்கு வந்துகொண்டே இருக்கும்; தவணை முடிந்து ஊர் திரும்பியவர் முதலாளி முன்னால் கணக்கை முடித்துக்கொடுப்பார். பேரேடும் ஐந்தொகையும்தான் முதலாளியின் கண். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாகி வந்தவர்களுக்கு அந்தக் கணக்கு கைப்பழக்கம்.

இன்று வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஆட்களை நாள் முழுக்க கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கும் மேலாளர்கள் இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் படிக்கலாம்.

சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகள் இன்னும் சுவையானவை. நீளமான ஒரே கூடம். அதில் வரிசையாகப் பல கடைகள். கடை என்றால் ஒரு பெட்டி, கணக்கு எழுதும் சாய்வு மேசை, ஒரு அலமாரி; உட்காரத் தரை. இரவில் அங்கேயே படுக்கை. தொழில் போட்டியாளர் எட்டித் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். ரகசியம் காக்க இடமே இல்லை. ஆனால் கடன் கேட்டு வருகிறவர் யாரிடமெல்லாம் வாங்கியிருக்கிறார், யாருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதும் கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். இன்று வங்கிக்காரர் கணினியில் சிபில் ஸ்கோர் பார்க்கிறாரே, அந்தத் தகவல் அங்கே காற்றில் இருந்தது. ரங்கூனில் செட்டியார்கள் கோயிலில் மாதாமாதம் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்ததும் இதே நெருக்கத்தால் முடிந்த காரியம்.

குறை வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை, நாமே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனால் 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. வீடு ஒன்றுதான், வளவு ஒன்றுதான். ஆனால் புது ஜோடிக்குத் தனி அறை, தனி அடுப்பு, வருஷத்துக்கு இவ்வளவு என்று அளந்து வைத்த செலவுப்படி. அப்பாவிடம் லட்சம் இருந்தாலும் மகன் அந்த அளவுக்குள்தான் குடும்பம் நடத்த வேண்டும். வரவுசெலவு தெரியாத இருபது வயதுக்காரர்களுக்கு, விழுந்தாலும் பெரிதாக அடிபடாத இடத்தில் ஒரு பயிற்சி. வெளிநாட்டுக் கடைக்குப் போய் அடுத்தவர் பணத்தைக் கையாளப் போகிறவனுக்கு இதைவிடப் பள்ளிக்கூடம் வேறு எது? மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் மோதிக்கொள்ளாமல் இருந்தது கூடுதல் லாபம்.

இதை நாமும் செய்து பார்க்கலாம். திருமணச் செலவுக்கோ, கடை தொடங்குவதற்கோ, கையில் இருப்பதைவிடக் குறைவான ஒரு தொகையை எழுதிவைத்துவிட்டு அதற்குள் யோசிப்பது. பாதித் தொகைக்குத் திட்டம் போட்டால் எது அவசியம், எது ஊருக்காக என்பது தானே பிரிந்துவிடும். அப்புறம் மீதிப் பணத்தைச் செலவழிப்பதா வேண்டாமா என்று நிதானமாக முடிவு செய்யலாம்.

எல்லா ஏற்பாடும் நிலைத்து நிற்க வேண்டும் என்றும் இல்லை. ஏவி. மெய்யப்பன் கதை அதற்கு உதாரணம். காரைக்குடிக்காரர். 1942-இல் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் சென்னை காலியானது. போர்க் காலத் தட்டுப்பாடு அதன் பிறகும் விடவில்லை. சென்னையில் ஸ்டூடியோ கட்ட மின்சார இணைப்பு கிடைப்பதே பெரும்பாடு. 1945-இல் ஏவிஎம் நிறுவனத்தைத் தொடங்கியவர் ஸ்டூடியோவைச் சொந்த ஊரான காரைக்குடியிலேயே போட்டார். நகரத்துக் கட்டடம் இல்லை, கொட்டகைகள்தான். 1947 பொங்கலுக்கு வந்து வெற்றிபெற்ற 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். சென்னையில் இருந்திருந்தால் மின்சாரத்துக்கும் இடத்துக்கும் மனு போட்டே அந்த இரண்டு வருஷம் போயிருக்கும்.

ஆனால் 1948-இல் வடபழனியில் இடம் அமைந்ததும் ஸ்டூடியோ சென்னைக்குப் போய்விட்டது. நம் சோதனைப்படி பார்த்தால் காரைக்குடி ஸ்டூடியோ ஒப்பேற்றல்தான். காரைக்குடிக்காரர்களுக்கு வருத்தமாக இருக்கலாம்; தொழில் கணக்கில் அது சரியான முடிவு. நடிகர், பாட்டுக்காரர், லேப், விநியோகஸ்தர் எல்லாம் சென்னையில். தடை விலகிய பிறகும் மண் பாசத்துக்காகக் கொட்டகையைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தால், ஏவிஎம் என்ற பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. குறையோடு வாழப் பழகுவது ஒரு திறமை என்றால், அது போன அன்றைக்கே கவனித்துவிடுவது இன்னொரு திறமை.

இனி, இந்தத் தத்துவம் எங்கே பல்லிளிக்கும் என்பதையும் பார்த்துவிடுவோம்.

1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது. கீழ் பர்மாவின் விவசாயிகளால் செட்டியார்களிடம் வாங்கிய கடனைக் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கைமாறியது. 1930-இல் முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில் சுமார் 6 சதவீதமாக இருந்த அவர்கள் பங்கு, 1938-இல் சுமார் 25 சதவீதம் ஆனது. வராக்கடன் நிலமாக மாறியதைச் சாதகம் என்று அன்று யாராவது எண்ணியிருக்கலாம். உண்மையில் புழங்க வேண்டிய பணம் விற்க முடியாத வயலாக உறைந்துவிட்டது. அதைவிட, நிலம் இழந்தவர்களின் கோபம் அவர்கள்மேல் திரும்பியது. 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது உயிர் தப்பினால் போதும் என்று ஓடிவந்தார்கள். சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. அடுத்தவரின் கையறு நிலையை நம் சாதகமாக வைத்துக்கொண்டால் கணக்கு என்றைக்காவது திரும்பி வரும். பிற்பாடு பூட்டிக் கிடந்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், ஆண்கள் மூன்று வருஷம் கடல் தாண்டிப் போனபோது ஊரில் இருந்த பெண்கள் வீட்டையும் பிள்ளைகளையும் வரவுசெலவையும் தனியாகக் கட்டிக் காத்தார்கள். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று புகழ்கிறோம். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்தத் தனிமையை அவர்கள் கேட்டு வாங்கவில்லை. இப்படிப்பட்ட புகழ்ச்சியை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன். ஐந்து பேர் பார்க்க வேண்டிய வேலைக்கு இரண்டு பேரை வைத்துவிட்டு, "குறைந்த வசதியில்தான் கற்பனை பிறக்கும்" என்று கூட்டத்தில் பேசும் முதலாளியின் குரலும் இதே ராகத்தில்தான் இருக்கும். குறை யாருடையது, அதைச் சாதகமாக்கு என்று சொல்வது யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு ஆளாக இருந்தால், பதில் கற்பனையில் இல்லை. ஆள் எடுப்பதில் இருக்கிறது. நோய்க்கு மருந்து, படிப்புக்குக் கட்டணம், நடக்க முடியாதவருக்குச் சாய்தளம்: நீக்கக்கூடிய குறையை நீக்கிவிட வேண்டும்.

நீக்க முடியாதது என்று தெளிவான பிறகு எப்படி யோசிப்பது? ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம்.

காரைக்குடியில் ஒரு பெண். பி.காம் படித்தவர், டேலி தெரியும், ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யத் தெரியும். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் காலை பத்து முதல் இரண்டு வரைதான் நேரம். அதற்குப் பிறகு போன்கூட எடுக்க முடியாது. அலுவலகம் இல்லை. "நான் பாதி நேரம்தான் வேலை பார்ப்பேன்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னால், சம்பளமும் பாதியாகத்தான் வரும். மரியாதை அதைவிடக் குறைவாக வரும்.

இவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, அடுத்த ஒரு வருஷத்துக்கு மாறாதது எது என்பது. நான்கு மணி நேரம் மாறாது. அலுவலகம் மாறலாம், அது பெரிய விஷயமும் இல்லை. ஆக, குறுகலான இடம் நேரம். மாதாமாதம் தாக்கல் செய்யும் கடைகளுக்கு விற்பனைக் கணக்கு 11-ஆம் தேதி, வரி கட்டும் படிவம் 20-ஆம் தேதி என்று கெடு இருக்கிறது. பில்களை எல்லோரும் கடைசி நாளில் கொண்டுவந்து கொட்டினால் நான்கு மணி நேரம் போதாது. அதனால் ஒரே ஒரு விதி: 5-ஆம் தேதிக்குள் வாட்ஸ்அப்பில் பில் வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கடையை எடுத்துக்கொள்ள மாட்டார். வாடிக்கையாளர் குறைவாரா? குறைவார். ஆனால் ஒழுங்கானவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள், அபராத வட்டி கட்ட நேராது. அது கடைக்காரருக்கே லாபம் என்பதை எடுத்துச் சொல்லலாம். சாயங்காலம் போனில் பேச முடியாததால் எல்லாக் கேள்வியும் எழுத்தில்தான் வரும். ஆறு மாதம் கழித்து "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

அடுத்த கேள்விதான் பலரும் கேட்க மறப்பது: இந்தக் குறை யாருக்குத் தோதாக இருக்கும்? காலையில் ஓய்வாகவும் மாலையில் மூச்சு விட முடியாமலும் இருக்கிறவர் யார்? ஜவுளிக்கடைக்காரர், இனிப்புக்கடைக்காரர், புரோட்டாக் கடைக்காரர். சாயங்காலம் ஏழு மணிக்கு ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போன் வந்தால் எரிந்து விழுகிறவர்கள் இவர்கள்தான். ராத்திரி முழுக்க அலுவலகம் திறந்திருந்தாலும் இவர்களுக்குப் பயனில்லை. பதினொரு மணிக்குப் பேசக்கூடிய ஒருவர் கிடைத்தால் அதுதான் வசதி. நம் கதாநாயகி இனி "பாதி நேரம்" என்று சொல்லவே தேவையில்லை. "காலையில் மட்டும், மாலையில் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்" என்றால் போதும்.

செக்காலை ரோட்டில் ஒருநாள் காலை பதினொரு மணிக்கு நடந்துபோய், எந்தெந்தக் கடையில் முதலாளி கல்லாவில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார் என்று குறித்துக்கொண்டு வரட்டும். பத்துப் பெயர் தேறினால் தொடங்கிவிடலாம். அந்த நேரத்தில் போனால் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, டீயும் சொல்வார்கள்.